பித்தளைக் கூட்டுக்கு மருந்து

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வேட்டைக்காரன் காட்டிலிருந்து பொறுக்கி வந்து புளித்தண்ணீரில் போட்டுத் தேய்த்தான். கூட்டுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் வயித்துக்குள்ள நெருப்பு வச்சது அவன். பின்பக்கம் ஊசியால குத்தினதும் அவன். இப்ப நீ வேற வந்து தோலை உரிக்கிறியா?" என்று புளியிடம் சீறியது.

"கோவிச்சுக்காதே. உன்னைக் கழுவிக் காயவச்சு மருந்து போடணும்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டிருந்தான்" என்றது புளி.

மருந்தா? கூடு அப்படியே அடங்கிப்போனது. தன் காயத்தைப் பார்க்க இப்போதாவது ஒருத்தனுக்குத் தோன்றியதே என்று, எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு உடம்பைக் கொடுத்தது. வெயிலில் பளபளவென்று காய்ந்தது. பின்பக்கம் ஊசி குத்தி நசுங்கிய கேப் மூடியை அவன் பிடுங்கிப் புதிது வைத்தபோது, அவன்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்துவிட்டது.

பிறகு அவன் மருந்தைக் கொட்டினான். கறுப்பாக இருந்தது. போன தடவை வயிற்றுக்குள் வெடித்த அதே வெடிமருந்து.

"அடப்பாவி, இதுக்குப் பேராடா மருந்து?" என்று ஊரே கேட்கும்படி கத்தப் போனது கூடு.

அந்த வாயில் ஈயக் குண்டை வைத்து அழுத்தி மூடினான் வேட்டைக்காரன்.