நடுங்கும் எழுத்து

அமல்தாஸின் விரல்கள் நடுங்கத் தொடங்கிய பிறகு, அவர் ஒருமுறை தட்டிய எழுத்து திரையில் மூன்று முறை விழுந்தது. இருபது வருடமாகத் தன் மொழிபெயர்ப்பு வேலையெல்லாம் செய்துவந்த எடிட்டர் மென்பொருளை விட்டு வேறொன்றுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. அதனால் அவர் மனைவி ஜெசிந்தா, அந்த எடிட்டருக்குள் ஏறி நின்று கூடுதல் எழுத்துகளைத் தடுக்கும் ஒரு சின்ன நிரலை, ஒரு மாட்யூலை, எழுத உட்கார்ந்தாள். முதல் தடவை ஏற்றியபோது எடிட்டரே சுருண்டு விழுந்தது. அடுத்த தடவை, இரட்டித்த எழுத்தையெல்லாம் நடுக்கமென்று எடுத்துக்கொண்டு, 'அம்மா'வை 'அமா' ஆக்கியது. பிறகு பல நாள் அவர் பக்கத்தில் அமர்ந்து விரல்களையே பார்த்தாள். வேண்டித் தட்டுவதற்கும் நடுங்கித் தட்டுவதற்கும் இடையே கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான வித்தியாசம் இருந்தது. அதைப் பிடித்து நிரலில் சேர்த்து மறுபடி ஏற்றினாள். அன்று அவர் ஒரு பக்கம் முழுக்கப் பிழையில்லாமல் அடித்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஜெசி, இத கொஞ்சம் எடுத்துடறியா?" என்றார் அவர்.

"ஏங்க, எங்கயாவது தப்பா வருதா?"

"சரியாத்தான் வருது. அண்ணனுக்கு ஒரு லெட்டர் எழுதணும்."

ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன்.

"கை நடுங்குதுன்னு நானா எழுத மாட்டேன். அவரே பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

ஏற்றிய மாட்யூலைப் பாதியில் இறக்க வழியில்லை. அவள் எடிட்டரையே மூடி, மாட்யூல் இல்லாமல் மறுபடி திறந்து, கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

'அண்ண்ண்ணா' என்று விழுந்தது. அவர் அதை அழிக்காமல் அடுத்த வரிக்குப் போனார்.