மட்ட மரம்

இரண்டு வருஷமாகத் தேடித் திரிந்த பொருள் கண்ணெதிரே வந்து நின்றால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"இது வால்நட்டே இல்லை" என்றாள் தையல்காரி. "சாயம் பூசின மட்ட மரம்."

அவள் கணவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, கயிறும் பழைய போர்வைகளுமாக அவளை இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அவள் கடையில் இருப்பது ஒரே ஒரு ஒற்றைக் கண்ணாடி. "முதுகுப் பக்கம் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்கிற பெண்களிடம், "நல்லாத்தான் இருக்கு, நம்பு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. முன்னும் பின்னும் தெரிகிற மூன்று மடிப்புக் கண்ணாடி வேண்டும். அதுவும் அந்தக் காலத்து வால்நட் மர மேசையோடு வேண்டும். பழைய சாமான் கடை ஒன்று பாக்கியில்லை, ஏறி இறங்கியாயிற்று.

வரும் வழியெல்லாம் அவனுக்குப் பாடம் வேறு. "மேசையோட விளிம்பைப் பாருங்க. மேல ஓடுற ரேகை அப்படியே மடங்கிப் பக்கத்துலயும் இறங்கினா, அது முழு வால்நட். ஓரத்துல நின்னுபோனா ஏமாத்து."

இங்கே ரேகை தண்ணீர் மாதிரி இறங்கியிருந்தது. அவனே தடவிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அப்புறம் கண்ணாடி மடிப்புகளைத் திறந்தாள். பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்கள். இடது மடிப்பின் ஓரத்தில் மட்டும் மங்கலாக ஓர் அழுக்கு. கைக்குட்டையை எடுத்து அதைத் துடைக்கப் போனாள்.

பின்னால் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டார். கால் மரத்திருக்கும் என்று நினைத்தான் கணவன்.

கைக்குட்டை பாதி வழியில் நின்றது. அதற்குப் பிறகுதான் இந்த மட்ட மரப் பேச்சு.

விற்கிறவர் பெரியவரின் மகன். "நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. அறுபது வருஷத்துச் சாமான், எங்கம்மாவோடது. அவங்க போனப்புறம் அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போறேன். ரெண்டே ரூம் வீடு. ஆம்பளைக்கு எதுக்குக் கண்ணாடி மேசை?"

"அறுபது வருஷம் ஆனா மட்ட மரம் வால்நட் ஆயிடுமாண்ணா?"

பெரியவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"ரசம் போகப் போகுது. கால் ஆடுது. கீலெல்லாம் துரு." அவள் நிறுத்துவதாக இல்லை.

கணவனுக்குக் காது சுட்டது. விலையைக் குறைக்க இப்படியா? அதுவும் பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் முன்னால்? காய்கறிக்காரியிடம்கூட இவள் இப்படிப் பேசியதில்லையே.

"போதும் விடு" என்று முழங்கையால் இடித்தான்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு பிரேக்கும் கிளட்சும்தான் தெரியும்."

மகனின் முகம் தொங்கிவிட்டது. "சரி, பாதி விலைக்கு எடுத்துக்குங்க."

"வேண்டாண்ணா."

வாசலை நோக்கி நடந்தாள். இதுவும் அவனுக்குத் தெரிந்த வித்தைதான். வாசற்படி தாண்டினால் கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டார். "விலையே வேண்டாம்மா. இடம் காலியானாப் போதும். சும்மாவே தூக்கிட்டுப் போங்க."

கணவன் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"சும்மா கொடுத்தாலும் வேண்டாம்" என்றாள்.

கயிறு அவன் கையிலேயே நின்றது.

"அப்பா துணிமணி வைக்க உங்க வீட்ல அலமாரி இருக்காண்ணா?"

"இனிமேதான் வாங்கணும்."

"அப்ப இதையே கொண்டு போங்க. ஆறு டிராயர் இருக்கு. விக்கத்தான் உதவாது. வைக்க உதவும்."

மகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாலு மணிக்கு இன்னொருத்தர் பாக்க வர்றாரு. அவரும் வேண்டாம்னுட்டா அப்படித்தான் செய்யணும்."

வேனில் ஏறியும் கணவன் சாவியைத் திருகவில்லை.

"உனக்கு என்ன கேடு? ரேகை இறங்கினதை நானே பாத்தேன். சும்மா தர்றேங்கிறாரு மனுஷன். நாளைக்கு ஒருத்தி வந்து முதுகு எப்படின்னு கேட்டா, நீயே நம்பு நம்புன்னு சொல்லிக்கிட்டு இரு."

அவள் போர்வையை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

ஜன்னலில் விரல் தட்டியது. பெரியவர். செருப்புகூடப் போடாமல் வந்திருந்தார்.

"அது அழுக்கு இல்லம்மா. அவ கை" என்றார். "முட்டி வலி அவளுக்கு. எந்திரிக்கும்போது கண்ணாடியிலதான் கையை ஊன்றுவா. உடையப் போகுதுடின்னு தினம் திட்டுவேன். நாலு மாசமா அந்த இடத்தைச் சுத்தித்தான் துடைக்கிறேன்."

கணவன் சாவியிலிருந்து கையை எடுத்தான். "உங்க பையன்கிட்ட சொல்லியிருக்கலாமே ஐயா."

"அவன் வீட்ல இடமில்லைங்கிறது நிஜம்தானே தம்பி. எந்த வாயால கேக்கிறது?"

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் தெருமுனையைப் பார்த்தார். ஜன்னலுக்குள் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாலு மணிக்கு ஒருத்தர் வர்றாராம்மா. அதுவரைக்கும் இங்கயே இருந்து, அவர் காதுலயும் மட்ட மரம்னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போறியா?"