ஊசி திரும்பிய பக்கம்

எஸ்பியர் துறைமுக நகரின் பள்ளியில் அன்று காலை மின்சாரப் பாடம். ஆசிரியை மெரெட்டெ ஒரு கம்பிக்கு அடியில் காந்த ஊசியை வைத்து, கம்பியில் மின்சாரம் பாயவிட்டாள். ஊசி விலகியது. மின்சாரத்தை நிறுத்தினாள். வடக்குக்குத் திரும்ப வேண்டிய ஊசி, மேற்கே கடலைப் பார்த்து நின்றுவிட்டது.

"மெரெட்டெ, ஊசிக்கு மீன் வாசம் அடிச்சிடுச்சு போல!" என்றாள் ஒரு மாணவி, அந்த ஊர் வழக்கப்படி ஆசிரியையைப் பெயர் சொல்லி அழைத்து. வகுப்பு சிரித்தது.

மெரெட்டெ சிரிக்கவில்லை. கணவன் ஈவர் விடியலிலேயே மீன்பிடிக்கப் போயிருந்தான். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. வராந்தாவுக்குப் போய் அவனுக்கு போன் செய்தாள்.

"படகுல பேட்டரி போச்சு. திரை எல்லாம் அணைஞ்சு கிடக்கு. திசைகாட்டி ஒண்ணுதான் மிச்சம். அலை வர்றதைப் பாத்தா, அது காட்டுறது வடக்கே இல்ல."

"அது காட்டுற பக்கமே வா."

"பிசிக்ஸ் டீச்சர் பேசுற பேச்சா இது?"

"வாயேன், ஈவர்."

மதியம் மெரெட்டெ துறைமுகத்தில் காத்து நின்றபோது, பனிக்குள்ளிருந்து படகு மெல்ல உள்ளே வந்தது. ஈவர் திசைகாட்டியைக் கையில் ஏந்தியபடி இறங்கினான்.

"என்னைச் சுத்தி ஒரு தடவை நட," என்றான்.

அவள் ஈரக் கல்தளத்தில் அவனைச் சுற்றி மெதுவாக நடந்தாள். கண்ணாடிக்குள் ஊசியும் அவளைப் பார்த்தபடியே மெதுவாகச் சுற்றியது.