மூன்றாவது ஆள்

ஷெட்டில் நின்ற பழைய காரைப் பார்த்துப் புதுக் கார் இளித்தது. "ரெஜினாம்மா உன்னை விக்க மூணாவது ஆளையும் பிடிச்சிட்டாங்க. இன்னைக்காவது கிளம்புவியா? முதல் ரெண்டு பேர் முன்னாடி கப்பலேத்தின மானம் போதாதா?"

பழைய காருக்குச் சுருக்கென்றது. போகிற அன்றைக்காவது உறுமிக் கிளம்பி, முதலாளி ஞானமுத்துவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு கட்டியது.

வந்தவர் சாவியைத் திருகினார். அது தம் கட்டிப் பார்த்தது. ஊஹூம், ஒரு முனகல்கூட வரவில்லை.

"செத்த வண்டி சார்!" என்று அவர் நடையைக் கட்டினார். புதுக் கார் விழுந்து விழுந்து சிரித்தது.

ஞானமுத்து கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். பானெட்டைத் தூக்கி, தானே கழற்றி விட்டிருந்த பேட்டரி வயரைத் திரும்ப மாட்டினார்.

"ரெஜினாகிட்ட மூச்சு விடாதே" என்றார்.