ஆறு கார்டு, பதினோரு முட்டை

நான்காவது கார்டில் ஐந்து வாட் குறைத்தான்.

முட்டைகள் அரை டிகிரி குளிர்ந்தன.

"ஏனுங்க, ஏத்துங்க" என்றாள் அவன் மனைவி. கோழிப்பண்ணையில் இரவல் வாங்கிய தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஏற்றினான்.

இரும்புச் சட்டத்தில் ஆறு கிராஃபிக்ஸ் கார்டுகள் வரிசையாக நின்று இரைந்துகொண்டிருந்தன. கிரிப்டோ நாணயத்துக்காக ஓயாமல் கணக்குப் போடுவது அவற்றின் வேலை. கணக்கின் வேகம் குறையாமல் மின்சாரத்தை மட்டும் குறைப்பது அவன் வேலை. மின்சாரம் குறைந்தால்தான் லாபம். மின்சாரம் குறைந்தால் சூடும் குறையும்.

சூட்டின் மேல் முட்டை இருந்தது.

வைக்கோல் பரப்பிய கூடையில் பதினோரு நாட்டுக்கோழி முட்டைகள். அடைக்கு உட்கார்ந்த மறுநாளே கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. அன்று காலை அவள் கூடையோடு வந்தாள். கேட்கவில்லை. சட்டத்தின் மேல் வைத்தாள். ஈரப்பதத்துக்கென்று பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தாள். ஒயர்களுக்கு நடுவே. விளிம்பு தளும்ப.

அவன் ஒயர்களைக் கிண்ணத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளிவைத்தான்.

அந்த அறை முன்பு அவளுடைய இரண்டு எருமைகள் நின்ற கொட்டில். எருமைகளை விற்றுத்தான் கார்டுகள் வந்தன. அன்றிலிருந்து நான்கு மாதம் அவள் உள்ளே கால் வைக்கவில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொன்னாள். சுவர் ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொல்லிவிடும். நல்ல சுவர்.

கொட்டிலின் சூட்டைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாம் மிகை. பல்லிகள் குடும்பத்தோடு பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது மட்டும் நிஜம். மீட்டர் பார்க்க வந்தவர் எண்ணைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மறுபடி படித்துவிட்டு, உள்ளே ஆலை ஏதும் ஓடுகிறதா என்று தணிந்த குரலில் கேட்டதும் நிஜம்.

அதெல்லாம் தொடக்கத்தில்.

நான்கு மாதம் பாடுபட்டு அவன் கார்டுகளைக் குளிர வைத்திருந்தான். மெமரியின் வேகத்தில் பத்து ஏற்றுவான். வோல்டேஜில் பத்து இறக்குவான். திரை உறைந்துபோனால் முதலிலிருந்து தொடங்குவான். கடைசியில் ஆறும் சாதுவாக ஓடின.

இப்போது தன் கையாலேயே அவற்றைக் கெடுத்தான்.

முட்டை பொரிய முப்பத்தேழரை டிகிரி வேண்டும். லாபத்துக்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவள் காலையில் வந்தாள், மதியம் வந்தாள், சாயங்காலம் வந்தாள். முட்டைகளைப் புரட்டிவைத்தாள். ஏத்துங்க என்றாள். எறக்குங்க என்றாள். சுவர் வழியாக வராமல் நேராக அவனுக்கு வந்த வார்த்தைகள் அவை இரண்டுதான்.

அவன் ஏற்றினான். இறக்கினான்.

பதினெட்டாம் நாள் நாணயத்தின் விலை விழுந்தது. படிக்கட்டில் விழுவதைப்போல அல்ல. கிணற்றில் விழுவதைப்போல.

நாமக்கல்லில் இதே தொழில் செய்யும் சிநேகிதன் நல்லதம்பி போனில் கூப்பிட்டான்.

"மாப்ள, ஓடுற ஒவ்வொரு நிமிசமும் நட்டம்டா. அல்லாரும் நிறுத்திப்போட்டாங்க. நீ மட்டும் எதுக்கு ஓட்டிட்டு இருக்கற?"

"முட்டை இருக்குது."

"மாப்ள, நீ கடைசியா எப்பத் தூங்குன?"

அவன் போனை வைத்தான். அணைக்கும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மதியம் ஆகிவிட்டது. வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

ஆறும் ஓடின.

இருபத்தொன்றாம் நாள் காலை முதல் ஓடு விரிந்தது. உச்சிப்பொழுதுக்குள் பத்துக் குஞ்சுகள். அத்தனை விசிறிகளின் இரைச்சலையும் மீறிக் கத்தின. கொஞ்சம் உலர்ந்ததும் ஒன்று கூடையை விட்டிறங்கி, இரண்டாவது கார்டின் மேல் நின்று எச்சமிட்டது. கார்டு அசரவில்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டது.

அவள் சிரித்தாள்.

அவனைப் பார்த்தல்ல. சுவரைப் பார்த்தும் அல்ல.

குஞ்சுகளைத் துணி விரித்த அட்டைப் பெட்டிக்கு மாற்றினாள். கூடையில் ஒரு முட்டை மட்டும் கிடந்தது. ஓடு கொஞ்சம் சிவந்த முட்டை. அதை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். நகத்தால் மெல்லத் தட்டினாள். மறுபடி கேட்டாள்.

பதமாக அதை வைக்கோலில் வைத்துவிட்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இதுக்கு இன்னொரு நாளு வேணுமாட்ட இருக்குது" என்றாள். பிறகு, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள்.

போன வாரம், அவள் இல்லாத ஒரு நேரத்தில், அவன் பதினோரு முட்டைகளையும் ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தான். பத்தில் உள்ளே கருமையாக ஏதோ அசைந்தது. சிவந்த ஓட்டில் ஒன்றுமில்லை. ஒரு நரம்புகூட இல்லை. முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

"சிலதுக்கு ஒரு வாரங்கூட ஆகுமாம்" என்றான்.