கீழக்கொன்றையின் மழை வரலாறு

பழைய ஆவணங்களைப் படித்து முந்நூறாண்டு மழையை மீட்டுரைக்கும் பொறியே இன்று ஊர்களுக்குத் தண்ணீரைப் பங்கிடுகிறது. வறட்சியில் வாடிய ஊருக்கு மிகுதி. வாடாத ஊருக்குக் குறைவு. வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் மேலக்கொன்றை பதினேழு வறட்சிகளைக் கண்டது என்றது பொறி. அதே வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கீழக்கொன்றைச் சேரி ஒன்றையும் காணவில்லையாம்!

அச்சேரியில் பிறந்த பொற்கொடி, பொறிக்கு ஆவணம் ஊட்டும் அதிகாரி. உடன் பணிபுரியும் வைத்தி சிரித்தார்.

"உங்க தெருவுக்கு மட்டும் மழை குறையே வைக்கல போல, மேடம்!"

"நிலம் வச்சிருந்தவங்க, மழை பொய்ச்சா வரியைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு மனு எழுதினாங்க, சார். நிலமே இல்லாத நாங்க எதுக்கு எழுதுவோம்? பஞ்சம்னா கப்பல் ஏறினோம்."

கடல்கடந்த தோட்டங்களுக்குக் கூலிகளாய் ஏற்றப்பட்டோரின் பெயர்ப்பட்டியல்களை அவர் பொறிக்குள் செலுத்தினார். மனுவை நம்பிய பொறி, மனிதர் ஊரைவிட்டு ஓடியதை நம்ப மறுக்குமோ? மறுக்கவில்லை. கீழக்கொன்றைக்கு இருபத்தொன்பது வறட்சிகள் என்று திருத்தி, நீர்ப்பங்கையும் உயர்த்தியது.

வைத்தியின் சிரிப்பு நின்றது. "அங்க பதினேழு, இங்க இருபத்தொன்பதா? ரெண்டுக்கும் ஒரே வானம்தானே? மெஷின் தப்பா சொல்லுது."

"தப்புதான், சார்," என்றார் பொற்கொடி அமைதியாக. "மிச்சப் பன்னிரண்டு வருஷமும் நல்ல மழை. வாய்க்காலைத்தான் மேல அடைச்சுட்டாங்க."