மூலையில் வைத்த பந்து

எண்பத்து நான்காம் ஆண்டுக் கோப்பையின் விலை ஒரு பொட்டலம் மீனும் சிப்ஸும், வினிகர் தூக்கலாக.

ரக்பி கிளப்பின் பாரில் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி அளந்துகொண்டிருந்தோம். ஞாபகம் தேய்ந்துபோன எங்கள் அணியில் ஓரமாக ஓடும் விங்கராக இருந்த நெவில் மட்டும் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார்.

“ஃபைனல்ல, கடைசி நிமிஷம்... பந்தப் பிடிச்சேனாப்பா?”

“பிடிச்சு, கோட்டைத் தாண்டி மூலையில வச்சீங்க. நாலு பாயின்ட்! கோப்பையே உங்களாலதான்!” என்றேன்.

நம்பாமல் எதிரணி ஊர்க்காரர் பாரியிடம் போனார். “நீ சொல்லுய்யா.”

பாரி முனகினார். “அழுதுகிட்டேதான் பஸ் ஏறினோம். போதுமா?”

நெவில் சிரித்தபடி உட்கார்ந்தார்.

பாரி என் காதைக் கடித்தார். “எங்க அலமாரியில இருக்கிற கோப்பைய வாராவாரம் உங்களுக்குத் தாரேன். மீன் எங்கடா?”

வாங்கப் போனேன். பந்தை நழுவவிட்டவர் என்று நெவிலை இருபது வருடம் திட்டிய வாய் என்னுடையது.

அன்று மைதானத்தில் பத்துக்குப் பன்னிரண்டு, தோல்வி. இந்த மேசையில் பதினான்குக்குப் பன்னிரண்டு.